பழுப்புச் சட்டை

“இன்னைக்கும் அதே சட்டையாடி?”

சிட்டு பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஊருக்கே துணி விற்கிற கடைக்காரியின் மகள், வாரம் முழுக்க டீ சிந்தின மாதிரி ஒரு பழுப்புச் சட்டையில் பள்ளிக்கூடம் போனால் கடைக்கு என்ன மரியாதை?

அந்தச் சட்டை வந்த கதை வேறு. கடையில் பிள்ளைகள் சட்டைக் கட்டு ஒன்று மூலையில் கிடந்தது. அத்தனையும் பழுப்பு. சும்மா கொடுத்தாலும் யாரும் சீந்த மாட்டார்கள். போன வாரம் சிட்டு வந்து, “க்ளாஸ்ல நாடகம் போடறோம்மா, அதைக் குடேன்” என்றதும், விட்டது தொல்லை என்று கட்டோடு தூக்கிக் கொடுத்துவிட்டாள்.

“நாடகம் இன்னுமா முடியலை?”

“ஒத்திகை நடக்குதும்மா!” சிட்டு செருப்பை மாட்டிக்கொண்டு ஓடியே போய்விட்டாள்.

அன்று சாயங்காலம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். சீருடையைக் கட்டாயமாக்கலாமா, வேண்டாமா என்று கை தூக்கி முடிவு செய்யப் போகிறார்கள். வேண்டாம் கட்சிக்கு அம்மாதான் தலைவி. கொள்கை பாதி, கடை பாதி. நாலு பேர் பார்க்கிற இடத்தில் மகள் பளிச்சென்று இருக்கட்டும் என்று புது மஞ்சள் கவுன் ஒன்றையும் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினாள்.

வேண்டும் கட்சிக்குத் தலைவர் பல் டாக்டர். அவர் பேச ஆரம்பித்தால் மயக்க ஊசியே தேவையில்லை என்பது அம்மாவின் கருத்து.

“ஒரே உடுப்புன்னா ஏத்தத்தாழ்வு தெரியாது. எந்தப் பிள்ளை மனசும் நோகாது. நாமதான் முடிவு பண்ணிக் குடுக்கணும்” என்றார் அவர்.

அம்மா எழுந்தாள். “பிள்ளைங்க என்ன செங்கல்லா சார், அச்சுல போட்டு எடுக்க? என்ன போட்டுக்கணும்னு அவங்களுக்கே தோணும். விட்டுப் பாருங்க!”

நல்ல கைதட்டல். அந்தத் திருப்தியோடு ஜன்னல் பக்கம் திரும்பியவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

மைதானத்தில் சிட்டுவின் வகுப்பு விளையாடிக்கொண்டிருந்தது. மொத்தமும் பழுப்பு. பல் டாக்டரின் மகன் உட்பட. வாதச் சூட்டில், தான் தூக்கிக் கொடுத்த கட்டு அவளுக்கு நினைவுக்கே வரவில்லை.

“ஓஹோ! முடிவு எடுக்கறதுக்கு முன்னாடியே பிள்ளைங்களுக்கு மாட்டிவிட்டாச்சா? நல்லாயிருக்கு சார் உங்க நியாயம்!”

டாக்டரும் எட்டிப் பார்த்தார். “நானா? என் பையன் வாரம் பூரா ஒத்திகை ஒத்திகைங்கறான். காலர்ல உங்க கடைப் பேரு இருக்கும்மா! விக்காத சரக்கைப் பிள்ளைங்க தலையில கட்டிட்டு, இங்க வந்து சுதந்திரம் பேசறீங்க!”

“வார்த்தையை அளந்து பேசுங்க சார்!”

தலைமை ஆசிரியை மேசையைத் தட்டினார். “ரெண்டு பேரும் போய்ப் பிள்ளைங்களையே கேட்டுட்டு வாங்க. அப்புறம் கை தூக்கலாம்.”

இருவரும் முறைத்துக்கொண்டே வெளியே வந்தார்கள்.

மகளைக் கூப்பிட வாயெடுத்த அம்மா அப்படியே நின்றுவிட்டாள். துணியோடேயே கிடக்கிற கண் அது. அத்தனை பழுப்பில் ஒன்று மட்டும் அவள் கடைச் சரக்கு இல்லை.

சிட்டுவின் தோளைப் பிடித்துக்கொண்டு கலகலவென்று சிரித்துக்கொண்டிருந்த ஒரு சிறுமியின் சட்டை. துவைத்துத் துவைத்து வெளுத்திருந்தது. கிழிந்த காலரைத் திருப்பித் தைத்திருந்தார்கள். சட்டைப்பையின் மேல் மட்டும் வட்டமாக ஒரு இடம் சாயம் போகாமல் இருந்தது. அதைச் சுற்றி ஊசித் துளைகள். ஏதோ ஒரு பள்ளியின் சின்னத்தைப் பிரித்து எடுத்த தடம்.

அம்மாவைப் பார்த்ததும் சிட்டு ஓடி வந்தாள்.

“யாருடி அந்தப் பொண்ணு?”

“கத்தாதேம்மா, அவளுக்குக் கேட்டுடும்.” சிட்டு அம்மாவைத் தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனாள். டாக்டரும் கூடவே போனார். “புதுசா சேந்திருக்கா. வந்த அன்னைக்குப் பழைய ஸ்கூல் யூனிஃபார்மைப் போட்டுட்டு வந்தா. அவகிட்ட வேற நல்ல சட்டை இல்லையாம். நாங்கல்லாம் கலர் கலரா இருந்தோமா, பாத்ததும் வாசல்லயே நின்னு அழுதுட்டா.”

“அதுக்கு?”

“இன்னைக்கு மட்டும்தான் கலர் ட்ரெஸ், நாளையிலேருந்து எங்களுக்கும் இதே யூனிஃபார்ம்தான்னு நான் சொல்லிட்டேன். சொன்னப்புறம் போட்டுத்தானேம்மா ஆகணும்? எல்லாரும் சரின்னுட்டாங்க.”

நாடகம் என்று அவள் சொன்னதில் பொய்யில்லைதான்.

அம்மாவுக்கு மகளை அப்படியே அள்ளிக்கொள்ள வேண்டும் போலிருந்தது. மஞ்சள் கவுன் வெளியே தெரியாமல் பையின் அடியில் தள்ளினாள். பல் டாக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டிக்கொண்டு, மறுபடியும் கழற்றித் துடைத்தார்.

உள்ளேயிருந்து தலைமை ஆசிரியையின் குரல் வந்தது. “வாங்க, உங்க ரெண்டு பேருக்காகத்தான் காத்திருக்கோம்!”

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். எதற்குக் கை தூக்குவது என்று இரண்டு தலைவர்களுக்கும் தெரியவில்லை.

சிட்டு அம்மாவின் விரலைப் பிடித்து இழுத்தாள்.

“அவ இன்னும் நம்பிட்டிருக்காம்மா. நீங்கல்லாம் உள்ளே போய் ஏதாவது முடிவு பண்ணிக் கெடுத்துடாதீங்க!”