மாப்பிள்ளை மாற்றிய ஆயில்

இதில் ஒரு சொல் பொய்யென்றாலும் என் மீசையை எடுத்துவிடுகிறேன்.

பெண் கேட்டு வந்தவனைப் பழைய கார் வியாபாரி மேலும் கீழும் பார்த்தார். வாசலில் அவருடைய சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் நின்றது.

“தம்பி, இதுக்கு இன்ஜின் ஆயில் மாத்துங்க. மாத்திட்டா பொண்ணு உங்களுக்கு. இல்லைன்னா வந்த வழியே கிளம்பலாம்.”

“அப்பா, இது அநியாயம்ப்பா,” என்றாள் மகள்.

“நீ சும்மா இரும்மா.”

“இவ்வளவுதானா மாமா?” என்றவன், தன் தோள்பையோடு காருக்கு அடியில் நுழைந்தான்.

வியாபாரி குனிந்து கேட்டார்: “நட்டு இறுகியிருக்கா?”

“என் கை பட்டதும் இளகிடுச்சு மாமா.”

சற்று நேரத்தில் ஒரு தட்டு நிறையக் கறுத்த எண்ணெயோடு வெளியே வந்தான். சட்டையில் ஒரு பொட்டுக் கறை இல்லை.

“தார் மாதிரி ஆகிடுச்சு மாமா. நல்லவேளை நான் வந்தேன். புது ஆயில் ஊத்தியாச்சு, இனி குதிரையா ஓடும்.”

வியாபாரி எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தார். அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

“இப்படியொரு ஆளைத்தான் இத்தனை வருஷமா தேடிட்டிருந்தேன். கல்யாணத்தை அப்புறம் பேசிக்கலாம். நாளைக்கே நம்ம கடையில வியாபாரத்துக்கு உக்காந்துடுங்க மாப்பிள்ளை.”

அந்தக் கார் பேட்டரியில் ஓடுவது. அதற்கு இன்ஜினே கிடையாது.