உரசும் டயர்

“யாருடா ஒன்னக் கேட்டா? பிரேக் பாக்கத்தான வண்டியக் குடுத்தேன்! டயர்ல கை வைக்கச் சொன்னேனா?”

சன்னாசி போட்ட கூச்சலில் ஜெராம் ஊர் வண்டிப் பட்டறையே திரும்பிப் பார்த்தது. காலமெல்லாம் எஸ்டேட் லோரி ஓட்டிய மனுஷன், யாரையும் அதிர்ந்து ஒரு வார்த்தை சொல்லாதவர், மெக்கானிக் ராஃபேலின் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ராஃபேலுக்கு ஒன்றும் புரியவில்லை. அவன் செய்தது நல்ல காரியம்தான். அந்த எண்பத்தோராம் வருஷத்து டட்சன் பிக்அப்பில், வண்டிக்கு மீறிய பெரிய ரிம்மும் டயரும் மாட்டியிருந்தது. ஸ்டீரிங்கை இடது பக்கம் முழுசாக ஒடித்தால் டயர் மட்கார்டில் ‘சர்ர்ர்’ரென்று உரசும். அவன் முன்பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிவிட்டு, மட்கார்டின் உள்விளிம்பையும் வெட்டி எடுத்திருந்தான். அதற்குக் கூலிகூடக் கேட்கவில்லை.

“ஒடிச்சுப் பாருங்கண்ணே, சத்தமே வராதுலா.”

“எனக்கு அந்தச் சத்தம் வேணும். பழையபடி ஒரச வை!”

“வெட்டுன தகரத்த எப்படிண்ணே ஒட்டுறது? எல்லாரும் டயர் ஒரசாம இருக்கத்தான் எங்கிட்ட வருவாங்க. நீங்க என்னடான்னா...” ராஃபேலின் குரல் தாழ்ந்தது. “வாசு உயிரோட இருந்தப்பவே கேட்டாண்ணே. நாந்தான் நாளைக்கு, நாளைக்குன்னு இழுத்துட்டேன். அதான், அவன் ஆசைப்பட்டதாச்சேன்னு...”

சன்னாசி சட்டையை விட்டுவிட்டார்.

வாசு அவருக்கு ஒரே பிள்ளை. கெர்லிங் காட்டில் மரக்கட்டை ஏற்றும் வேலைக்குப் போனபோது, சேற்றில் வண்டி புதையாமல் இருக்கத்தான் அந்த டயர்களை மாட்டினான். கண் தெரியாத அவன் அம்மா இராஜம்மாவுக்கு அந்த வேலையே பிடிக்கவில்லை. “காட்டுக்குப் போறதா இருந்தா எங்கிட்டப் பேசாதே!” என்று ஒருநாள் கத்திவிட்டாள்.

பயலுக்கும் ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. வேலையையும் விடவில்லை, அம்மாவிடம் பேசவும் இல்லை. சாயங்காலம் அப்பாவை ஏற்றிக்கொண்டு வருவான், பின்வாசல் படியில் உட்கார்ந்து வாய் திறக்காமல் சாப்பிடுவான், கூட்டாளி வீட்டுக்குப் படுக்கப் போய்விடுவான். எஸ்டேட் வீட்டு வரிசையான லயத்து முக்கில் வண்டி திரும்பும்போது டயர் உரசும் சத்தம் ஒன்றுதான், பிள்ளை வந்துவிட்டான் என்று அவளுக்குச் சொல்லும்.

இராஜம்மா நெஞ்சுவலி வந்து கிள்ளான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுதான் கட்டை உருண்டு வாசுவின்மேல் விழுந்தது. சொன்னால் அவளும் போய்விடுவாள் என்று சன்னாசி நடுங்கிப்போனார். லயத்தில் ஒவ்வொருவர் கையையும் பிடித்துக் கெஞ்சி வாயை அடைத்தார். அவள் வீடு திரும்பிய நாளிலிருந்து அந்த வண்டியை அவரே ஓட்டி வந்து, முக்கில் ஸ்டீரிங்கை முழுசாக ஒடித்துக்கொண்டிருந்தார்.

சத்தம் கேட்டதும் இராஜம்மா கோப்பி கலக்கி, சோற்றுத் தட்டோடு நீட்டுவாள். “புள்ள பசியோட இருப்பான், கொண்டுபோய்க் குடுங்க” என்பாள். பின்வாசல் படியில் உட்கார்ந்து சன்னாசியே எல்லாவற்றையும் காலி செய்வார். நல்லவேளை, கோப்பியில் சீனி இருக்காது. இனிப்புநீர் வியாதிக்காரர் அவர், அதனால் உடம்புக்கு ஒன்றும் ஆகவில்லை. சோற்றைத்தான் தண்ணீர் விட்டு விழுங்கி வைப்பார்.

இன்று அந்தச் சத்தமும் போயிற்று.

லேசாக மழை தூறிக்கொண்டிருந்தது. லயத்து முக்கில் சன்னாசி ஸ்டீரிங்கை இடது பக்கம் கடைசிவரை ஒடித்தார். ஒன்றும் கேட்கவில்லை. வண்டியைப் பின்னால் எடுத்து மறுபடியும் ஒடித்தார். பாழாய்ப்போன வண்டி, புது வண்டி போலத் திரும்பியது! ‘ஐயோ, அவளிடம் இனி எதைச் சொல்வேன்’ என்று ஸ்டீரிங்கில் தலையை முட்டிக்கொண்டார். பிறகு முகத்தைத் துடைத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு வீட்டுக்குள் போனார்.

இராஜம்மா அடுப்படியில் கோப்பியோடு நின்றாள்.

“வண்டி வந்திச்சு. டயர் சத்தத்தக் காணோமே?”

“அதுவா... வாசு பட்டறையில குடுத்துச் சரி பண்ணிட்டான். இனிமே ஒரசாது. பின்னாலதான் கை கழுவிக்கிட்டு இருக்கான்.”

அவள் கோப்பையை நீட்டினாள். அப்பாடா, நம்பிவிட்டாள்! சன்னாசி அதை வாங்கிக்கொண்டு பின்வாசல் பக்கம் நகர்ந்தார்.

“எங்க போறீங்க? இங்கயே உக்காந்து குடிங்க.”

“இது அவனுக்கு...”

“அவன் என்னைக்குங்க சீனி இல்லாம கோப்பி குடிச்சான்?”

சன்னாசி கோப்பையோடு திரும்பினார். சூடான கோப்பி விரலில் சிந்தியதுகூட அவருக்கு உறைக்கவில்லை.

“ஆஸ்பத்திரியிலேருந்து வந்த அன்னிக்கே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. அந்த முக்குல அவன் பிரேக் போட்டதே இல்ல. நீங்க பிரேக் போட்டுட்டுத்தான் திரும்புனீங்க. லயத்துல அவன் பேரையே ஒருத்தரும் எடுக்கல.” காற்றில் துழாவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டாள் இராஜம்மா. “நானும் அழுதா நீங்க ஒடஞ்சுபோயிருவீங்கன்னுதான் வாயத் தொறக்கல.”

அவர் கையிலிருந்து கோப்பையை வாங்கி, தரையைத் தடவி வைத்தாள்.

“வாங்க, இன்னிக்காவது ரெண்டு பேரும் சேந்து அழுவோம்.”