கிளி சாரின் இடியம்ஸ் கிளாஸ்

ஸ்போக்கன் இங்கிலீஷ் சென்டர் கூண்டிலிருந்து தப்பிய கிளி ஒன்று, வேப்பமரத்தில் இடியம்ஸ் கிளாஸ் ஆரம்பித்தது. 'பீஸ் ஆஃப் கேக்' என்றால் ரொம்ப சுலபம் என்று சொல்லிக் கொடுத்தது. கேக்கையே பார்த்திராத மைனாக்கள் அடித்துப் பிடித்துக்கொண்டு தங்கள் குஞ்சுகளைச் சேர்த்தன. கிளாஸில் மைனா பாஷை பேசினால் வெளியே நிற்கவேண்டும்.

ஒருநாள் கிளியின் முதுகுக்குப் பின்னால் பூனை ஏறி வருவதை ஒரு குஞ்சு பார்த்துவிட்டது. பதறிப்போய்க் "கீச்" என்று கத்த வாயெடுத்தது.

"உஷ்! இங்கிலீஷ்ல சொல்லு," என்று, பக்கத்துக் கிளையில் காத்திருந்த அம்மா மைனா தானும் பூனையைப் பார்த்தபடியே குஞ்சை அதட்டியது. "வெறுமனே 'கேட்'டுன்னு சொல்லி மானத்தை வாங்காதே. இடியம் போட்டுச் சொல்லு."

"சார்... வீ ஆர் இன்... இன்..."

"இன் ஹாட் வாட்டர்!" என்று கிளி எடுத்துக் கொடுத்தது. "ஆபத்தில் மாட்டிக்கொண்டோம் என்று அர்த்தம். எங்கே, எல்லோரும் சேர்ந்து சொல்லுங்கள்!"

எல்லாக் குஞ்சுகளும் சேர்ந்து சொல்லின. அதற்குள் பூனை கிளியைக் கவ்விவிட்டது. கிளி தன் சொந்தப் பாஷையில் "கீ... கீ..." என்று அலறிக்கொண்டே போனது.

அம்மா மைனா முகத்தைச் சுளித்தது.

"சே, சாருக்கே இங்கிலீஷ் வரலையே! நாளைக்கே உன்னை வேற கிளாஸ்ல சேர்க்கணும்."