வெளிய போங்க சார்

பந்து இன்னும் வலைக்குள் உருண்டுகொண்டிருக்கிறது. அதற்குள் தோற்கிற அணியின் பயிற்சியாளர் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் ஓடி வருகிறார். சாயங்கால வெயில் கோல் கம்பத்தில் பட்டுக் கண்ணைக் கூசவைக்கிறது, கூட்டம் எழுந்து நின்று கத்துகிறது. நடுவருக்கு இது முதல் இறுதிப் போட்டி. சங்கத்தில் செல்வாக்குள்ள இந்த ஆளைப் பகைத்துக்கொண்டால் இதுவே கடைசியாகவும் இருக்கும். “வீட்ல போய் குக்கர் விசிலை எண்ணும்மா” என்று முதல் பாதியிலேயே அவளை நக்கலடித்தார். மஞ்சள் அட்டையோடு விட்டுவிட்டாள். குரைக்கிற வாய் வலித்தால் தானே மூடும். ஆனால் இப்போது அவர் தன் அணியின் கோல்கீப்பர் பெண்ணின் காலரைப் பிடித்து உலுக்குகிறார். “எருமை! தூங்கிட்டா இருந்த?” அந்தப் பெண்ணின் பெரிய கையுறைகள் தடுக்கக்கூட உயராமல் தொங்குகின்றன. அதைப் பார்த்ததும் நடுவருக்கு உச்சந்தலை வரை சூடு ஏறுகிறது. சொந்தப் பிள்ளைகள் மேல் கை வைக்கிறவனுக்கு மைதானத்தில் என்ன வேலை? பாய்ந்து குறுக்கே நின்று சிவப்பு அட்டையை உயர்த்துகிறாள்.

“கையை எடுங்க. வெளிய போங்க சார்.”

“இனிமே உனக்கு ஒரு மேட்ச் கிடைக்காது, பார்த்துக்க!”

“பரவால்ல. இந்த மேட்ச்ல நீங்க இல்ல.”

கூட்டம் அதிர்கிறது. அவர் தண்ணீர் பாட்டிலை எட்டி உதைத்துவிட்டுப் போகிறார். “நான் இல்லாம இவளுங்க எப்படி ஆடுறாளுங்கன்னு பார்க்கிறேன்!” கோல்கீப்பர் வலைக்குள் குனிந்து பந்தை எடுக்கிறாள், நடுக்கோட்டை நோக்கி ஓங்கி எறிகிறாள்.

“அக்கா, டைம் போகுது. விசில் அடிங்க!”