உட்கார்ந்தபடி உறுதிமொழி

தலையில் அடிபட்டவர்களின் குடும்பங்கள் மாதம் ஒருமுறை கூடிப் பேசும் சேரப்பணஞ்சேரி சமுதாயக் கூடம். இன்று, ஜீவானந்தத்தின் தலையில் இரும்பு விழுந்த அதே கம்பெனியிலிருந்து அதிகாரி ஒருவர் கேமராவோடு வந்திருக்கிறார். நன்றாக நடக்கிற ஜீவானந்தத்தைக் கம்பெனி தரும் புதுச் சக்கர நாற்காலியில் உட்காரவைத்து, வாயில் லட்டைத் திணித்துவிட்டு, எச்சில் பட்ட விரலைக் கைக்குட்டையில் தேய்த்துத் தேய்த்துத் துடைக்கிறார். மனைவி குமுதா பக்கத்தில் நின்று பார்க்கிறாள். "ரெண்டு வார்த்தை பேசு ஜீவா" என்கிறார் அதிகாரி. அவன் விறைப்பாக எழுந்து, வலக்கையை முன்னே நீட்டி, தினமும் ஷிப்ட் தொடங்குமுன் சொன்ன பாதுகாப்பு உறுதிமொழியைப் பிசகாமல் ஒப்பிக்கிறான். பெண்டாட்டி பெயரை மறந்தவனுக்கு அது மறக்கவில்லை. அதிகாரி கைதட்டுகிறார். "சூப்பர்! எழுந்திரிக்காம, சேர்ல உட்கார்ந்தே இன்னொரு தடவை சொல்லச் சொல்லும்மா, அப்பதான் வீடியோ நல்லா வரும்." குமுதா நாற்காலியை அவர் முழங்காலில் இடிக்கும்படி தள்ளுகிறாள். "நீ குந்திக்கினு சொல்லு சார்."