கார் வராத வழி

"மறுபடியும் இந்தச் சரளைப் பாதையா, கியேம்? ஒரு வருஷமா தார் ரோட்டுப் பக்கமே வரமாட்டேங்குற. காரைக் கண்டா அவ்வளவு பயமா?"

பிரான்சின் ஓப்ராக் மேட்டுநிலத்தில் சைக்கிளை மிதித்தபடி மிரேய் பொரிந்து தள்ளினாள். முன்னால் போன கணவன் வாயே திறக்கவில்லை.

மேய்ச்சல் நிலத்து வேலிக்கதவைத் திறக்க அவன் இறங்கினான். பின்னாலிருந்து கழுத்துமணிகள் கணகணக்க மாட்டுமந்தை ஒன்று வந்தது. மிரேய் ஒதுங்கிக்கொண்டாள். அவன் திரும்பக்கூட இல்லை. ஒரு பசு அவன் முதுகில் மூக்கை வைத்த பிறகுதான் துள்ளி விழுந்தான்.

மிரேய்க்குச் சுருக்கென்றது. அவன் எதிரே போய் நின்றாள்.

"எத்தனை நாளா காது கேக்கல?"

"பின்னாடி கார் வந்தா தெரியல, மிரேய். வீட்டுல உன் உதட்டைப் பாத்தே சமாளிச்சுட்டேன். சொன்னா சைக்கிளைப் பூட்டி வச்சிடுவியேன்னுதான்..."

"பாதை நல்லாத்தான் இருக்கு. நாளைக்கும் இதுலயே வருவோம்" என்றாள் மிரேய், அவனுக்குத் தெரியும்படி ஒவ்வொரு சொல்லாக.