மாறாத நாலரை அடி

காவிரியில் வெள்ளம் வந்தால் எந்த வீட்டில் எவ்வளவு தண்ணீர் நிற்கும் என்று கம்ப்யூட்டரில் கணிப்பது மைத்ரேயியின் வேலை. எவ்வளவு மழை பெய்யும், எவ்வளவு நீர் வரும் என்று யாருக்கும் உறுதியாகத் தெரியாது என்பதால், அவற்றை மாற்றி மாற்றி ஆயிரம் முறை கணக்கை ஓட்டினாள். மற்ற வீடுகளுக்கு விடை கூடியும் குறைந்தும் வந்தது. ஜீயபுரத்தில் ஒரு வீட்டுக்கு மட்டும் ஆயிரம் முறையும் நாலரை அடி.

மூன்று வாரம் பிழையைத் தேடினாள். மழையே இல்லை என்று வைத்தும் ஓட்டினாள். அப்போதும் நாலரை.

"ஒரு வீட்டுக்காக ரிப்போர்ட்டையே நிறுத்தி வெச்சிருக்கீங்களா?" என்று மேலாளர் லக்ஷ்மிகாந்த் எரிந்து விழுந்தார்.

அவர் திட்டிய எரிச்சலோடு அந்த வீட்டுக்கே நேரில் போனாள். மே மாதம். ஆற்றில் மணல்தான் தெரிந்தது. வீட்டுக்காரி பொன்னுத்தாய் உள்சுவரைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நான்கு சுவரிலும் ஒரே மட்டத்தில் ஈரக்கோடு. மைத்ரேயி வந்த காரணத்தைச் சொல்லிவிட்டு டேப் வைத்து அளந்தாள். நாலரை அடி.

"எவ்வளவு துடைச்சாலும் மறுபடி வந்துடுதுங்க," என்றாள் பொன்னுத்தாய். "உயரம் தெரிஞ்சுபோச்சு. எந்த நாள்னு உங்க கம்ப்யூட்டர் சொல்லுமா?"

மைத்ரேயி டேப்பைச் சுருட்டினாள். மேலே குழந்தை சிணுங்கியது. விட்டத்தை ஒட்டி, ஏணி போட்டால்தான் எட்டும் உயரத்தில், தொட்டில் ஆடிக்கொண்டிருந்தது.